டர்போ காருக்கு எக்ஸோஸ்ட் மாற்றுவது: முதல் இரண்டு அடியில்தான் விஷயம்

சித்தியின் மகன் இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் வாங்கினான். வாங்கிய முதல் ஞாயிறே வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, தேத்தண்ணி வருமுன் கேட்ட கேள்வி இது: "அண்ணா, பின்னுக்கு இருக்கிற சைலன்சரைக் கழட்டிப்போட்டு பெரிய பைப் ஒண்டு அடிச்சா எவ்வளவு பவர் கூடும்?"

கொழும்பில் சின்ன வேகக் கார் வாங்கும் பாதிப் பேர் முதலில் கை வைப்பது எக்ஸோஸ்டில்தான். பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால் பைப், மஃப்ளர், வெல்டிங் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும், மாற்றியதும் காதுக்குத் தெரியும். ஆனால் காதுக்குத் தெரிவதும் எஞ்சினுக்குக் கிடைப்பதும் வேறு வேறு. அவனுக்கு அன்று பின்னேரம் முழுக்கச் சொன்னதை, டர்போ கார் புதிதாக வாங்கியிருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இப்படியான சின்ன வேகக் கார்களுக்கு ஹொட் ஹட்ச் என்று பெயர். அதாவது குடும்பத்துக்கு வாங்கும் சாதாரணச் சின்ன ஹட்ச்பேக்குக்குள் அதன் அளவுக்கு மீறிய எஞ்சினை வைத்த கார். 1976இல் வந்த முதல் வொக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ இந்த வகைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. 1.6 லீற்றர், 110 குதிரைவலு, டர்போ கிடையாது. இன்று நிலைமை தலைகீழ். கடைசிவரை டர்போ இல்லாமல் பிடிவாதமாக நின்ற ஹொண்டா சிவிக் டைப் ஆர் கூட 2015இல் மாறிவிட்டது. ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 2017இல் 1.6 லீற்றர் சாதாரண எஞ்சினை விட்டு 1.4 லீற்றர் டர்போவுக்கு வந்தது: 140 குதிரைவலு, 230 நியூட்டன் மீற்றர் டோர்க் (சுழற்றும் விசை), எடை 970 கிலோதான். நம் நாட்டில் வாகன வரி எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்துக் கூடுவதால், சின்ன எஞ்சினும் டர்போவும் சேர்ந்த கார்களுக்கு இங்கே எப்போதும் மவுசு. 660 சிசி அல்டோ வேர்க்ஸும், 135 குதிரைவலுவோடு வந்த பழைய டொயோட்டா ஸ்டார்லெட் டர்போவும் அப்படித்தான் இங்கே மனதில் இடம்பிடித்தன.

சரி, டர்போ எப்படி வேலை செய்கிறது? எஞ்சினில் பெற்றோல் எரிந்து வெளியேறும் புகை வாயுவுக்குச் சூடும் அழுத்தமும் நிறைய இருக்கும். சாதாரணக் காரில் அது அப்படியே பைப் வழியாக வீணாகப் போய்விடும். டர்போ காரில் அந்த வாயு போகிற வழியில் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் போகிறது. அதுதான் டர்பைன். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம், கொம்ப்ரசர். அது வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடப் போனால் பெற்றோலும் கூடச் சேர்க்கலாம், வலுவும் கூடும். சின்னக் கார்களின் டர்போக்கள் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேலும் போகும். முழு வேகத்தில் டர்பைனுக்குள் நுழையும் வாயுவின் சூடு 900 பாகை செல்சியஸை எட்டும்.

எக்ஸோஸ்ட் கதை முழுவதும் தொங்குவது அடுத்த விஷயத்தில்தான். டர்பைன் சுழல்வது வெறும் அழுத்தத்தால் அல்ல, அதற்கு முன்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் பின்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள விகிதத்தால். ஒரு கணக்காகப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. டர்பைனுக்கு முன்னால் 2 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு), பின்னால் 1.3 பார் என்று வையுங்கள். விகிதம் ஏறத்தாழ 1.54. இப்போது பின்பக்க அடைப்பைக் குறைத்து 1.3ஐ 1.15 ஆக்குகிறோம். அதே 1.54 விகிதம் கிடைக்க முன்னால் 1.77 பார் இருந்தாலே போதும். பின்னால் நாம் குறைத்தது 0.15, முன்னால் தானாகக் குறைந்தது 0.23. அந்த 0.23 பார் என்பது, ஒவ்வொரு தடவையும் பிஸ்டன் புகையை வெளியே தள்ளும்போது எதிர்த்துத் தள்ள வேண்டியிருந்த பாரம். அது இறங்கிவிட்டது. சிலிண்டருக்குள் தங்கும் பழைய சூட்டுப் புகையும் குறைகிறது, டர்போவும் சீக்கிரம் எழும்புகிறது. டர்போ எஞ்சினில் எக்ஸோஸ்ட் மாற்றுவது சாதாரண எஞ்சினைவிடப் பலன் தருவது இதனால்தான்.

இங்கே ஒரு பழைய பேச்சைத் தீர்த்துவிட வேண்டும். "எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும், இல்லாட்டி இழுவை போயிடும்" என்று கராஜ்களில் சொல்வார்கள். பேக் பிரஷர் என்றால் பைப்பின் அடைப்பால் வரும் எதிரழுத்தம். சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்டது உண்மை, கொடுத்த காரணம்தான் பிழை. டர்போ இல்லாத எஞ்சினில் ஒவ்வொரு முறை புகை வெளியேறும்போதும் அதன் பின்னால் ஒரு தாழ்ந்த அழுத்த அலை வருகிறது. உள்ளெடுக்கும் வால்வும் வெளியேற்றும் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில், அந்த அலை மிச்சப் புகையை உறிஞ்சி வெளியே எடுத்து, புதிய காற்றையும் உள்ளே இழுத்துக்கொடுக்கும். பைப்பை அளவுக்கு மீறிப் பெருப்பித்தால் வாயுவின் வேகம் குறைந்து அந்த உதவி போய்விடும். இழுவை குறைவது அதனால், அடைப்பு இல்லாமல் போனதால் அல்ல. டர்போ காரிலோ அந்த அலைகளையெல்லாம் டர்பைன் சக்கரமே வெட்டிக் கலைத்துவிடுகிறது. அதற்குப் பின்னால் காப்பாற்ற வேண்டிய அலை எதுவும் பெரிதாக இல்லை. டர்பைனுக்குப் பின்னால் அடைப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் எஞ்சினுக்கு நல்லது.

இனி பைப்பை முன்னிருந்து பின்னாகப் பார்ப்போம். எஞ்சினில் எல்லாச் சிலிண்டர்களின் புகையையும் ஒன்றுசேர்க்கும் மெனிஃபோல்ட், அதில் டர்போ. டர்போவிலிருந்து கீழே இறங்கும் துண்டுக்கு டவுன்பைப் என்று பெயர். பெரும்பாலான புதிய கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கட்டலிட்டிக் கன்வேட்டர் இந்த டவுன்பைப்பிலேயே டர்போவோடு ஒட்டி இருக்கும். அதன்பின் ஃப்ளெக்ஸ் என்கிற வளையும் துண்டு, நடுப் பைப், சத்தத்தை அடக்கும் ரெசோனேட்டர், கடைசியில் நாம் சைலன்சர் என்று சொல்லும் பின் மஃப்ளர்.

தலைப்பில் சொன்ன முதல் இரண்டு அடி இந்த டவுன்பைப்தான். டர்போவை விட்டு வெளியே வரும் வாயு அங்கேதான் மிகச் சூடாக இருக்கும். சூடான வாயு விரிந்து நிறைய இடம் கேட்கும். அதோடு டர்பைனிலிருந்து சுழன்றுகொண்டு வருவதால் குழப்பமாகவும் ஓடும். அந்த இடத்தில் குறுகிய வளைவு ஒன்றும், அடர்ந்த தேன்கூடு போன்ற கன்வேட்டர் ஒன்றும் இருந்தால் நெரிசல் அங்கேதான். காலி வீதியில் காலை எட்டு மணிக்கு பம்பலப்பிட்டிச் சந்தி அடைபட்டால் தெஹிவளைவரை நிற்கிற மாதிரி. அதைவிட்டு பின் மஃப்ளரை மட்டும் மாற்றுவது, நெரிசல் தாண்டிய பிறகு வீதியை அகலமாக்குவது போன்றது. பின் மஃப்ளரை மட்டும் மாற்றினாலோ, கன்வேட்டருக்குப் பின்னால் உள்ள முழு பைப்பையும் மாற்றினாலோ, இப்படியான சின்ன டர்போ கார்களில் கூடுவது விரல்விட்டு எண்ணக்கூடிய சில குதிரைவலுதான். சத்தத்துக்காக மாற்றுகிறேன் என்று தெரிந்து மாற்றினால் அதில் பிழையே இல்லை. வலுவுக்காக என்று நம்பிக் காசு கொடுப்பதைத்தான் நான் தடுக்கப் பார்க்கிறேன்.

அப்படியென்றால் கன்வேட்டரை வெட்டியெறிந்துவிட்டு வெறும் பைப் போட்டுவிடலாமா? பலர் அதைத்தான் செய்கிறார்கள். நான் கடுமையாக எதிர்ப்பதும் அதைத்தான். கன்வேட்டருக்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு இருக்கிறது. காபன் மொனொக்சைட், எரியாத பெற்றோல் ஆவி, நைதரசன் ஒட்சைட்டுகள் எல்லாவற்றையும் அது தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுகிறது. அது இல்லாத கார் சிக்னலில் நின்றால், பின்னால் நிற்கும் முச்சக்கரவண்டியில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே அந்த நஞ்சு போகிறது. காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் கிடையாது. பத்துக் குதிரைவலுவுக்காக அதைச் செய்ய எனக்கு மனம் வராது.

மனச்சாட்சியை விட்டாலும் நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. 2008 முதல் இங்கே புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. பெற்றோல் கார்களில் அவர்கள் அளப்பது காபன் மொனொக்சைட்டையும் ஐதரோகாபனையும்தான், கன்வேட்டரின் வேலையே அவற்றைக் குறைப்பது. அதோடு கன்வேட்டருக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு ஒட்சிசன் சென்சர்கள் இருக்கும். கன்வேட்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பது பின் சென்சரின் தொழில். கன்வேட்டர் இல்லையென்றால் டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியும். ஸ்கேன் பண்ணினால் பெரும்பாலும் வருவது பி0420 என்ற கோடு.

நடுவழி ஒன்று இருக்கிறது: ஓட்டம் கூடிய கன்வேட்டரோடு வரும் டவுன்பைப். கம்பனி கன்வேட்டரில் சதுர அங்குலத்துக்கு 400, 600 என்று நுண்துளைகள் இருக்கும். ஸ்போர்ட்ஸ் வகையில் 200 அல்லது 300. துளைகள் பெரிதாவதால் வாயு இலகுவாகப் போகும், சுத்தம் செய்யும் வேலையும் பெருமளவு நடக்கும். நல்ல தரத்தில் வாங்குங்கள். மலிவானவற்றில் உலோகப் பூச்சு மெல்லியது, கொஞ்ச நாளில் பெயருக்குத்தான் கன்வேட்டர். இன்னொன்று, கழற்றிய பழைய கன்வேட்டரை "நாங்களே வச்சுக்கொள்ளுறம்" என்று யாராவது சொன்னால் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது விலைமதிப்புள்ள உலோகம். துணியில் சுற்றி வீட்டில் வையுங்கள். கார் விற்கும்போதும், பரிசோதனையில் சிக்கல் வந்தாலும் கைகொடுக்கும்.

பைப்பின் அளவு பற்றி எல்லாரும் கேட்பார்கள். இரண்டரை அங்குலம் என்றால் 63.5 மில்லிமீற்றர், மூன்று அங்குலம் என்றால் 76. அரை அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பு 44 வீதம் கூடுகிறது. ஸ்விஃப்ட் ஸ்போர்ட் அளவுக் காருக்கு இரண்டரை அங்குலம் தாராளம். மூன்று அங்குலம் கோல்ஃப் ஜிடிஐ போன்ற இரண்டு லீற்றர் கார்களை 300 குதிரைவலுப் பக்கம் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு. சின்னக் காருக்குப் போட்டால் எடை, சத்தம், வேகத்தடையில் இடிபடுவது இவை மூன்றும்தான் மிச்சம்.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். டர்போவில் வேஸ்ட்கேட் என்று ஒரு கதவு இருக்கிறது. குளம் நிரம்பினால் வான்கதவைத் திறந்து மேலதிக நீரை விடுவார்களே, அதே வேலை. டர்பைனுக்குப் போகும் வாயுவில் ஒரு பங்கை இது பக்கவழியாக விட்டு, டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், அதாவது பூஸ்ட், எல்லை மீறாமல் பார்க்கும். எக்ஸோஸ்டை மிகவும் திறந்துவிட்டால் டர்பைன் ஊடாகவே வாயு அதிகம் ஓடத் தொடங்கும். அந்தச் சின்னக் கதவு முழுதாகத் திறந்தும் போதாமல், சுற்று கூடக்கூட பூஸ்ட் தானாக ஏறும். கம்பியூட்டர் அதைக் கண்டால் பெற்றோலை வெட்டும், கார் முட்டி முட்டி ஓடும். காணாவிட்டால் அடி எஞ்சினுக்கு.

அதனால்தான் டவுன்பைப்பும் ஈசியூ டியூனும் (எஞ்சின் கம்பியூட்டரின் அமைப்பை மாற்றி எழுதுவது) கணவன் மனைவி மாதிரி, சேர்ந்தே வர வேண்டும். இன்றைய ஈசியூ ஒவ்வொரு நிலைக்கும் இவ்வளவு டோர்க் என்று ஒரு இலக்கு வைத்திருக்கிறது. நீங்கள் எக்ஸோஸ்டைத் திறந்துவிட்டாலும் அது வேஸ்ட்கேட்டை இன்னும் கொஞ்சம் திறந்து அதே பழைய இலக்கில் பிடித்துக்கொள்ளும். டர்போ சற்று முந்தி எழும்புவது காலுக்குத் தெரியும், பெரிய வலு தெரியாது. டியூன் செய்பவர் அந்த இலக்கையே மாற்றினால்தான், நீங்கள் இறக்கிய பாரம் வலுவாக மாறும். டியூன் எடுக்கும்போது எந்தப் பெற்றோல் அடிக்கிறீர்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள். ஒக்டேன் 95க்கு எழுதிய டியூனில் 92 அடித்து ஓட்டினால் எஞ்சினுக்குள் நொக்கிங் வரும், அதாவது பெற்றோல் நேரம் தவறித் தானாக வெடிக்கும். கொழும்பின் 30 பாகைக்கு மேற்பட்ட சூட்டில், மருதானை நெரிசலில் அரை மணி நின்று, உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் கொதித்திருக்கும்போது அது இன்னும் மோசம். மலையில் குளிரில் நன்றாக இழுக்கிற கார் இங்கே தயங்குவதும் இதே காரணத்தால்தான்.

இப்போது சத்தம். எனக்கும் நல்ல எக்ஸோஸ்ட் சத்தம் பிடிக்கும், அதை மறைக்க மாட்டேன். இரவில் மரைன் டிரைவில் இரண்டாம் கியரில் எழும்பும் அந்தக் குரல் ஒரு சந்தோஷம். ஆனால் முந்தைய காரில் ரெசோனேட்டரை எடுத்துவிட்டு நேர் பைப் போட்டிருந்த காலத்தில், அம்மாவை ஏற்றிக்கொண்டு தெற்கு அதிவேக வீதியில் காலிக்குப் போனேன். கொட்டாவையில் ஏறி மணிக்கு 100 கிலோமீற்றரில் பிடித்ததும் காருக்குள் ஒரு ஆழ்ந்த ரீங்காரம் தொடங்கியது. காலியில் இறங்கும்வரை நிற்கவில்லை. அம்மா தலையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். அடுத்த வாரமே ரெசோனேட்டரைத் திரும்பப் போட்டேன்.

அந்த ரீங்காரத்துக்கு ட்ரோன் என்று பெயர். காரணம் எளிது. நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெடிக்கும். நிமிடத்துக்கு 2500 சுற்றில் ஓடினால் செக்கனுக்கு 83 வெடிப்பு. ஹட்ச்பேக்கில் டிக்கிக்கென்று தனி அறை இல்லை, முழுக்க ஒரே பெட்டி. அந்தத் தாழ்ந்த அதிர்வுக்கு அந்தப் பெட்டியே மத்தளம் மாதிரி ஒத்து அதிரும். ரெசோனேட்டர் இருப்பது இதை அடக்கத்தான். துளையிட்ட குழாயைச் சுற்றி நார் அடைத்த வகை பொதுவான கீச்சையும் உறுமலையும் குறைக்கும். குறிப்பிட்ட ஒரு சுற்றில் மட்டும் ட்ரோன் வந்தால், பைப்பின் பக்கத்தில் முனை அடைத்த கிளைக் குழாய் ஒன்றை வெல்ட் பண்ணுவார்கள். ஒலி அதற்குள் போய்த் திரும்பி வரும்போது நேரெதிர் அலையாக வந்து, தன்னையே அடக்கிவிடும். சூடான வாயுவில் 83 வெடிப்பை அடக்க அந்தக் குழாய் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் வேண்டும். ஆகவே காருக்கு அடியில் இடம் பார்த்துத்தான் செய்யலாம்.

மஃப்ளரே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உள்ளே நேர் குழாயாகப் போகும் மஃப்ளர் ஏறத்தாழ வெறும் பைப் அளவுக்கே வாயுவை விடும். அமைதியும் ஓட்டமும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. டர்பைனே பாதிச் சத்தத்தை விழுங்கிவிடுகிறது, மிச்சத்தை நல்ல மஃப்ளர் ஒன்றால் பண்பாக்கலாம். இரவு பதினொரு மணிக்கு அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் கார் நிறுத்துகிறவர்கள் நாங்கள். மேல்மாடியில் கைக்குழந்தை தூங்கும். சத்தம் கூடிய வாகனத்தைப் பொலிஸ் நிறுத்துவதும் உண்டு.

எந்த உலோகம் என்று கேட்டால், கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் யோசிக்காமல் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். உப்புக்காற்று வெளியிலிருந்து தின்கிறது என்றால், உள்ளிருந்து தின்பது தண்ணீர். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு மட்டும் போய்வரும் காரில் பின் மஃப்ளர் சூடேறுமுன் எஞ்சினை நிறுத்திவிடுகிறோம். அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். சாதாரண இரும்பு பைப் அப்படித்தான் உக்கிப்போகிறது. கடைக்குப் போகும்போது ஒரு காந்தம் கொண்டுபோங்கள். 304இல் காந்தம் பிடிக்காது, வளைவிலும் வெல்டிங் இடத்திலும் லேசாகப் பிடிக்கலாம். எல்லா இடமும் இறுக்கிப் பிடித்தால் அது தரம் குறைந்த வகை.

வேலை செய்கிறவரிடம் இரண்டு விஷயத்தைக் கண்ணால் பாருங்கள். ஒன்று, வளைவுகள். வளைத்த இடத்தில் பைப் நசுங்கி முட்டை வடிவமாகியிருந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய இரண்டரை அங்குலம் அங்கே இரண்டாகிவிட்டது. மற்றது ஃப்ளெக்ஸ். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் கால் வைக்கும்போதெல்லாம் முன்னும் பின்னும் அசையும். அந்த அசைவை வாங்கிக்கொள்ளத்தான் ஃப்ளெக்ஸ். ஒரு கராஜில் என் காருக்கு அதை எடுத்துவிட்டு இறுக்கமாக வெல்ட் பண்ணிவிட்டார்கள். நாலு மாதத்தில் முன் வெல்டிங் வெடித்தது. வெடிப்பு முன் சென்சருக்குப் பக்கத்தில் இருந்ததால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டது. சென்சர் ஒட்சிசன் கூட என்று சொல்ல, கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிக்கொண்டே போனது. பெற்றோல் செலவு ஏன் கூடுகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் எடுத்தது.

டவுன்பைப்பில் சூட்டுத்துணி சுற்றுவது பற்றியும் தம்பி கேட்டான். ஸ்டெயின்லெஸ் என்றால் சுற்றலாம், பொனெட்டுக்குள் சூடு குறையும். இரும்பில் சுற்றாதீர்கள். நம் ஊர் மழையில் துணி நனைந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அவனுக்கு நான் சொன்ன வரிசை இதுதான். இப்போதைக்கு ஆறு மாதம் அப்படியே ஓட்டு, காரைப் படி. காசு சேர்ந்ததும் கன்வேட்டரோடு வரும் இரண்டரை அங்குல டவுன்பைப்பும் டியூனும் ஒரே தடவையில். பின் மஃப்ளர் கம்பனியுடையதே இருக்கட்டும். அதற்குப் பிறகும் சத்தம் போதவில்லை என்று தோன்றினால் கடைசியாக அதைப் பார்க்கலாம்.

போட்டு முடித்ததும், எஞ்சின் ஆறியிருக்கும் காலையில் ஸ்டார்ட் பண்ணி, ஈரத்துணியால் பின் குழாயை ஒரு கணம் பொத்திப் பாருங்கள். எங்காவது உஸ் என்று கேட்டால் அந்த இணைப்பில் கசிவு இருக்கிறது. 500 கிலோமீற்றர் ஓடியபின் திரும்ப ஜாக்கில் ஏற்றி டர்போவோடு சேரும் நட்டுகளை இறுக்க வேண்டும். சூட்டில் விரிந்து ஆறும்போது கேஸ்கெட் கொஞ்சம் அமுங்கும், நட்டுத் தளரும். அதைச் செய்கிற அன்று என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். டோர்க் ரெஞ்ச் என்னிடம்தான் இருக்கிறது.